காபித்தூள் லேபிளில் வளைந்த கோடு

“...அந்த ஸ்கேலே கோணலா இருக்குதுங்க. அதை வெச்சு அளந்துபோட்டு, கோடு நேரா இருக்குதுன்னு சொன்னா நான் எப்படிங்க ஒத்துக்கறது?”

மஞ்சக்குட்டை ராசம்மாக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் கையில் இருந்தது எஃகு ஸ்கேல். சுத்தியலால் அடித்தாலும் சுலபத்தில் வளையாத சாமான். அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சிரிக்கப் போனேன், பாதியில் நின்றுவிட்டது. பிரின்டர் ரிப்பேரில் என் காலம் முழுக்கப் போயிருக்கிறது. அதில் ஒரு வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையைக் கேட்டு நான் பயந்தது அந்த ஒரு தடவைதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஹெட் அடைப்பை எப்படி எடுப்பது, இங்க் கசிந்தால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் இப்போது போனிலேயே வீடியோவாக வந்துவிட்டது. என்னைவிட நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். அந்த வீடியோக்களில் ஒன்றே ஒன்றுதான் இருக்காது. மெஷின் மட்டும் மேஜைமேல் இருக்கும், அதற்குச் சொந்தக்காரர் இருக்கமாட்டார். நாம் போகிற வீட்டிலோ அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அதிலும் ஏற்காட்டு மலையில் வீட்டுப் பிரின்டர் என்பது ஒரு தினுசான சாமான். பிள்ளைகள் படிக்கும்போது வாங்கியது. படித்து முடித்து, வேலை கிடைத்து, மலையிறங்கிப் போகும்போது எடுத்துப் போகாமல் விட்டுவிட்டுப் போனது. அதனால் நான் போன வீடுகளில் பாதிக்குமேல் ஒரே ஆள்தான் இருப்பார், அவரோடு ஒரு பழைய பிரின்டர். மஞ்சு என்று இங்கே சொல்லும் மூடுபனி இறங்கி ஜன்னல் வெளுத்துக் கிடக்கும் நாட்களில் அந்த வீட்டுக்குள் அன்றைக்குப் புதிதாகக் கேட்கும் குரல் என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஜனங்கள் மெஷினைப் பற்றிப் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு தனி ஆசை. “தாளைக் கடிச்சு வெச்சுக்கிட்டுத் தரமாட்டேங்குதுங்க” என்பார்கள். “நல்லா முக்குதுங்க, ஆனா ஒண்ணும் வரலீங்க” என்று ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர், “மஞ்சக் கலருக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க” என்றார். போய்ப் பார்த்தால் மஞ்சள் கார்ட்ரிட்ஜ் தொடுகிற இடம் துருப்பிடித்திருந்தது. உண்மையிலேயே பேச்சுவார்த்தை இல்லைதான். எங்கே கோளாறு என்பதை அவர்கள் பேச்சே பாதி சொல்லிவிடும். ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுங்கள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் இருக்கும் என் கடைக்கு ராசம்மாக்கா போன் போட்டது கார்த்திகை மாதம்.

“ஏனுங்க, ஒண்டிக்கடை பிரின்டர் மெக்கானிக்குங்களா? எங்கூட்டு மிஷினு கோட்டை வளைச்சு வளைச்சு அடிக்குதுங்க.”

“வளைச்சா அடிக்குதுங்க? சாய்ச்சு அடிக்குதுங்களா?”

“ரெண்டும் பண்ணுதுங்க. மொதல்ல வளைச்சுது, இப்ப சாய்க்கவும் பழகிக்கிச்சு.”

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த ஒரு பேச்சிலேயே எல்லாம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் மலைக்காரர். கொஞ்சம் காபி, நிழல் மரங்களில் மிளகு, நாலைந்து ஆரஞ்சு மரம். வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு, விளைகிற காபியைத் தானே வறுத்து, அரைத்து, பொட்டலம் போட்டு ஒண்டிக்கடைக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். டூரிஸ்ட்காரர்கள் வாங்கிப் போவார்கள். பொட்டலத்தில் ஒட்ட ஒரு லேபிள் உண்டு. சுற்றிலும் இரட்டைக் கோட்டில் கட்டம், நடுவில் பெயர், அடியில் பெங்களூரில் இருக்கும் மகளின் போன் நம்பர். கல்லூரியில் படிக்கும்போது மகள் வரைந்து கொடுத்தது. ஒரு தாளில் வரிசையாகக் கட்டங்கள் வரும், கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்வார்.

ஒண்டிக்கடையிலிருந்து ஷேர் ஜீப்பில் போனேன். வழியெல்லாம் மஞ்சு. டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். “கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியாதுங்க, காதுலதான் ஓட்டறேன்” என்றார். இறக்கிவிட்ட இடத்திலிருந்து வீடு தெரியவில்லை. காபி வறுக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

வாசலில் தார்ப்பாய் விரித்துக் காபிப்பழம் காய்ந்துகொண்டிருந்தது. காய்கிறது என்று பெயர், வெயில் இல்லை. தூறல் வந்தால் மூடுவதற்கு இன்னொரு தார்ப்பாய் சுருட்டித் தயாராக இருந்தது. அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபி ஊற்றினார். கொஞ்சம் டம்ளருக்கு வெளியே போனது. முந்தானையால் துடைத்துவிட்டு, “கை நடுங்குது, வயசாகுது பாருங்க” என்றார். பிறகு பேச ஆரம்பித்தார். காட்டெருமை வேலியை முறித்தது, மிளகு கொடி வாடியது, மருந்துக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். பல நாள் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தவர் போல இருந்தது. நானும் அவசரப்படவில்லை.

மெஷின் மகளுடைய மேஜையில், துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தது. பேப்பர் வைக்கும் தட்டை இழுத்தேன். தாளுக்குப் பின்னால் ஒரு சின்னத் துணி மூட்டை.

“ஏனுங்கக்கா, இது என்னங்க?”

“பொன்னி அரிசிங்க.”

“பிரின்டருக்கு எதுக்குங்க பொன்னி அரிசி?”

“உப்பு ஜாடியில ரெண்டு அரிசி போடறதில்லீங்களா? இந்த மஞ்சுல தாளு நமுத்து அப்பளமாட்டம் ஆயிருதுங்க. ரேசன் அரிசி போட்டா வாசம் அடிக்குமேன்னு நல்ல அரிசியாத்தான் போட்டேன்.”

நல்ல அரிசி என்பதால் எலிக்கும் பிடித்துவிட்டது. மூட்டையின் ஒரு மூலையைக் கடித்துவிட்டுப் போயிருந்தது. அரிசி உள்ளே கொட்டி, தாளை இழுக்கும் ரோலருக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாகச் சிக்கியிருந்தது. ஒரு பக்கம் தாள் ஓடும், ஒரு பக்கம் தயங்கும். சாயாமல் என்ன செய்யும்? மெஷினைக் கவிழ்த்துத் தட்டினேன். அக்கா அடியில் முறம் பிடித்தார். “சோறு ஆக்கலாமுங்களா?” என்று கேட்டார். “இங்க் வாசம் அடிக்கும்” என்றேன். “அப்ப கோழிக்கு” என்றார்.

சுத்தம் செய்து ஒரு தாளை விட்டேன். அச்சு அசலாக நேராக வந்தது. கட்டங்கள் பலகையில் ஆணி அடித்து நிறுத்தினாற்போல் நின்றன. வேலை முடிந்தது என்று பையை மூடினேன்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமாகத் திருப்பி, கோழி தரையைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தார்.

“சாய்வு போயிருச்சுங்க. வளைவு அப்படியே இருக்குது.”

“எங்கங்க?”

மேல்வரிசையில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “இங்க பாருங்க, கோடு உள்ளுக்குக் குழிஞ்சு போகுது. நடு எழுத்துல மஞ்சு அடிச்ச மாதிரி இருக்குது.”

நான் பார்த்தேன். கோடு கோடாகவே இருந்தது. சரி, அவருக்காக இங்க் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்தேன், கோடுகளை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் ஓடவிட்டேன், தாளை மாற்றினேன். அடுத்த தாளில் கீழ்வரிசைக் கட்டத்தைக் காட்டினார். அதற்கடுத்ததில் நடுவில் ஒன்றை. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நேர்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தனியாக இருப்பவர்கள் வீட்டில் இது வழக்கம்தான். வேலை முடிந்துவிட்டது என்றால் வந்த ஆள் போய்விடுவான். அதனால் இன்னொரு குறை சொல்வார்கள், ஒயர் சூடாகிறதே, சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே என்று. நான் யாரிடமும் இதற்காக முகம் சுளித்ததில்லை. திரும்பிப் போனால் எனக்கும் வீட்டில் விளக்குப் போட்டு வைக்க ஆளில்லை. மனைவி இறந்துபோன பிறகு, இன்னும் அரைமணி நேரம் இருக்கச் சொல்லும் வீடு எனக்கும் வேண்டியிருந்தது. ராசம்மாக்காவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். நேர்மையாக ஒரு முடிவு காட்டிவிட்டு, பிறகு ஊர்க்கதை பேசலாம் என்று பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்தேன். அவர் காட்டிய கோட்டின்மேல் வைத்தேன். இம்மிகூட இடைவெளி இல்லை.

அப்போதுதான் ஸ்கேலே கோணல் என்றார்.

மெஷின் கோளாறு தாளில் எங்கே வருகிறதோ அங்கேயேதான் வரும். முதல் தாளில் மேலே என்றால் பத்தாவது தாளிலும் மேலேதான். இவர் காட்டிய கோளாறு தாளுக்குத் தாள் இடம் மாறியது. எங்கே பார்த்தாரோ அங்கே இருந்தது. இப்போது தாளைவிட்டு என் ஸ்கேல்மேலும் ஏறிவிட்டது.

அடுப்பு பக்கத்தில் ஒரு கூடை நிறைய லேபிள் தாள்கள் கிடந்தன, தீ மூட்டுவதற்காக. “அக்கா, அதெல்லாம் எப்ப அடிச்சதுங்க?” என்று கேட்டேன்.

“அதா? வளைஞ்சு போனதுங்க. வீணாப்போன தாளு.”

“அரிசி போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி இருந்தே வளையுதே. தாளு நமுத்துத்தான் வளையுதுன்னுதானே அரிசியே போட்டேன்.”

எழுந்து போய்க் கூடையில் கைவிட்டு அடியிலிருந்து உருவிப் பார்த்தேன். ஒன்றுகூட வளைந்திருக்கவில்லை. அத்தனையும் நல்ல லேபிள். வெட்டி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த அம்மாள் அவற்றைப் போட்டுத் தீ மூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா” என்றேன். தாகம் இல்லை. அவர் சமையலறைக்குப் போய்வரும் நேரம் எனக்கு வேண்டியிருந்தது. உங்களுக்கும் இது உதவும். என்ன சொல்வதென்று தெரியாதபோது தண்ணீர் கேளுங்கள்.

அந்த நேரத்தில் எனக்கு மூன்று வழி தெரிந்தது. மெஷின் பழசு, இனி இப்படித்தான் இருக்கும், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவரும் நம்பிவிடுவார், நானும் ஜீப் பிடித்துவிடுவேன். இல்லையென்றால், அக்கா உங்கள் கண்ணில்தான் கோளாறு என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம். நான் யார் அதைச் சொல்ல? கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொன்னதுதான். மூன்றாவது வழி, நான் மெஷினுக்குச் செய்வதை இங்கேயும் செய்வது. எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது. முடிவை நான் சொல்லக்கூடாது. அவரே பார்க்கட்டும்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, “அக்கா, அந்த ஜன்னல் கம்பி நேரா இருக்குதுங்களா?” என்றேன்.

அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“வலது கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க.”

உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். “கொஞ்சம் மங்கல். நேராத்தான் இருக்குது.”

“இப்ப அந்தக் கையை எடுத்துட்டு இடது கண்ணைப் பொத்துங்க.”

பொத்தினார். அப்படியே நின்றார். கோழி ஒன்று வாசற்படி ஏறி வந்து, முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துவிட்டு உள்ளே வரலாமா என்று யோசித்தது. அக்கா அதை விரட்டவில்லை.

“தெரியுமுங்க” என்றார்.

“என்னங்க தெரியும்?”

“கொஞ்ச நாளா கதவு நெலைச் சட்டமே நடுவுல குழிஞ்சுதான் தெரியுதுங்க. முருகன் படத்துல வேலு வளைஞ்சு நிக்குது. வேலு வளையுமுங்களா?” கையைக் கண்ணிலிருந்து எடுத்தார். “பிரின்டருன்னு ஒண்ணு இருக்குதே, அதுவும் வளைக்குதேன்னு ஒரு தெம்பு. நீங்க வந்து, ஆமாங்க்கா மிஷினுதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, கதவும் வேலும் தன்னால நிமிந்துக்கும்னு இருந்தேன்.”

எத்தனையோ வீட்டில் மெஷின் செத்துப்போச்சு என்று சொல்லியிருக்கிறேன். மெஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

“நாளைக்குக் காலையிலயே சேலம் போய்க் கண்ணாஸ்பத்திரியில காட்டிருங்கக்கா.”

“பழம் பழுத்து நிக்குது. பறிச்சது வாசல்ல காயுது. எப்படிங்க போறது? தை பொறக்கட்டும். நிம்மதியாப் போய்க் காட்டறேன்.”

என் வீட்டிலும் ஒருத்தி இப்படித்தான் சொன்னாள். நெஞ்சு பிடிக்கிறதே, டாக்டரிடம் போகலாம் என்றால் தை பிறக்கட்டும், பொங்கல் முடியட்டும் என்றாள். தை பிறந்தது.

“தை வரைக்கும் வேண்டாங்க” என்றேன்.

“நீங்க என்ன டாக்டருங்களா?”

“இல்லீங்க. அதனாலதான் டாக்டர்கிட்டப் போங்கன்னு சொல்றேன்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரின்டர்மேல் துண்டை எடுத்துப் போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துவிட்டார். “எம்புள்ளைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதானுங்க. வந்து ஊட்டைப் பூட்டிக் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவா. அவமேல தப்பு இல்லீங்க, நொம்ப நல்ல புள்ள. ஒருக்கா போய் இருந்து பாத்தேன். பால்கனியில நின்னா எதுத்தாப்பல இன்னொரு பால்கனி. துணி தொங்குது, ஆளு இல்லை. இங்கயும் ஆளு இல்லைதான். ஆனா இங்க ஆளு இல்லாதது எனக்குப் பழக்கமாயிருச்சு.”

பிறகு, “நீங்க அவகிட்டச் சொல்லமாட்டீங்கதானே?” என்றார்.

நம் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளே பார்த்ததை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். எத்தனையோ குடும்பத்துக் கண்ணீரையும் சண்டையையும் பார்த்தும் பார்க்காத மாதிரி ரோலர் துடைத்திருக்கிறேன். அதை மீறினால் அடுத்த வீட்டில் நம்மை உள்ளே விடமாட்டார்கள். அன்றைக்கு அந்தச் சட்டம் எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. சரிங்கக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பாரம் என்னுடையது இல்லை.

ஆனால் அந்த வீட்டில் நான் போய்விட்டால் வேறு யாரும் இல்லை. அவருக்கு வேலு வளைந்து தெரிகிறது என்று உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் பிரின்டர் மெக்கானிக்.

“நாளைக்குக் காலைச் சேலம் வண்டியில நீங்க இருந்தீங்கன்னா, நான் ஆருகிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இல்லீன்னா உங்க புள்ளைக்குப் போன் போடுவேன்.”

“நம்பரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதான் லேபிள்ல அடிச்சிருக்கீங்களே.”

சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் இறுகிவிட்டது. “மிஷினைப் பாக்கக் கூப்புட்டா மனுசியைப் பாக்கறீங்க. ஊட்டுக்குள்ள விட்ட பாவத்துக்கு மெரட்டறீங்களா?” என்றார். எழுந்து கதவு பக்கம் போய் நின்றுகொண்டார். இனி பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். காபிப்பழத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து, பாதைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது வீடு மஞ்சுக்குள் போய்விட்டது.

ஜீப் வரவில்லை. நடந்தேன். வழியில் ஒரு ஆளும் எதிரில் வரவில்லை. மெஷினில் தப்பாகக் கணித்தால் ஒரு பாகம் வீணாகும், மறுபடி போய்ச் சரிசெய்யலாம். இதில் நான் தப்பாகக் கணித்திருந்தால்? ஒன்றுமில்லாததற்குப் பெங்களூரில் ஒரு பெண்ணைப் பயமுறுத்தி, மலையில் ஒரு அம்மாளின் வீட்டைப் பூட்டவைத்தவன் ஆவேன். சரியாகக் கணித்திருந்தாலும் வீடு பூட்டப்படலாம். இந்தப் பாதையில் எனக்கு யோசனை சொல்ல ஆள் கிடையாது. உங்களுக்கும் கிடைக்கமாட்டார்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அந்த மாதிரி நேரத்தில் நாம் எடுக்கும் முடிவு சரியா என்பது எடுக்கும்போது தெரியாது. தெரியாமலேதான் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்றைக்குக் கேட்டால் சொல்ல முடியும். கண்ணுக்கு உள்ளே, பார்வை வந்து விழுகிற இடத்தில் நீர் கோத்திருந்ததாம். கண்ணில் ஊசி போட்டார்கள், ஒன்றல்ல, விட்டுவிட்டுப் பல. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்களாம். வளைவு முழுதாகப் போகவில்லை. “இருக்குதுங்க, ஆனா மேல மேல வளையலைங்க” என்பார். ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட ஒரு தாள் கொடுத்து, தினமும் ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொன்னார்கள். “உங்க டெஸ்ட் பேஜ் மாதிரியேதான் இருக்குதுங்க” என்று, அது கசங்கியதும் அந்தப் பழைய பிரின்டரிலேயே இன்னொன்று எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார். வருஷத்தில் பாதி பெங்களூரிலும் பறிப்புக் காலத்தில் மலையிலும் இருக்கிறார். அது அம்மாவும் மகளும் சண்டை போட்டுப் பேசி முடித்தது. எனக்கு அதில் பங்கில்லை.

இதைப் படித்துவிட்டுப் போகிற வீட்டிலெல்லாம் கண்ணைப் பொத்தச் சொல்லாதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கோளாறு மெஷினில்தான் இருக்கும். நான் சொல்வது வேறு. மெஷின் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஒருவர் இல்லை என்று சொன்னால், அவர் பிடிவாதக்காரர் என்று பையை மூடாதீர்கள். அவர் என்ன பார்க்கிறார் என்று இன்னொரு தரம் கேளுங்கள்.

இனி அந்த மறுநாள் காலைக் கதைக்கு வருகிறேன்.

மஞ்சக்குட்டையிலிருந்து வரும் வண்டி ஒண்டிக்கடையில் நின்று, அப்படியே சேலத்துக்கு இறங்கும். அது வருவதற்கு முன்பே கடையைத் திறந்துபோட்டு வெளியே நின்றேன். முதலில் விளக்கு தெரிந்தது, பிறகு வண்டி. முன்படியில் இறங்கியவர்களைப் பார்த்தேன், இல்லை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். குளிருக்கு எல்லா ஷட்டரும் இறக்கியிருந்தது. அடுப்புக் கூடையிலிருந்து எடுத்து வந்திருந்த, மகளின் நம்பர் போட்ட லேபிளைச் சட்டைப்பையில் தொட்டுக்கொண்டேன்.

கடைசிக்கு முந்தின ஷட்டர் மேலே ஏறியது. ராசம்மாக்கா. நல்ல சேலை கட்டியிருந்தார், மடியில் ஒரு மஞ்சள் பை. சிரிக்கவில்லை.

“நானே சொல்லிட்டேன் புள்ளைக்கு. அடிச்சுப் புடிச்சு நேரா சேலத்துக்கே வர்றேங்குது. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

“சரிங்கக்கா.”

“எல்லாம் உங்களாலதான்.”

“ஆமாங்க.”

கண்டக்டர் படியில் நின்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு, “ஏனுங்கம்மா, நானும் இன்னைக்கே சேலம் போகணுமுங்க” என்றார்.

“இருங்க சாமி, ஓடியா போயிரும் சேலம்?” என்று அவரிடம் சொல்லிவிட்டு, அக்கா என் பக்கம் திரும்பினார். “வாசல்ல காபி அப்படியே கெடக்குது. பகல்ல ரெண்டு தரம் கிண்டிவிடணும். தூத்தல் போட்டா மூடணும்.”

“பக்கத்துல ஆரும் இல்லீங்களா?”

“இருந்தா உங்ககிட்ட எதுக்குங்க சொல்றேன்?”

விசில் அடித்தது. வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன். அவர் முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, வீட்டுச் சாவியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். என் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் அந்தக் கை வந்தது. கொஞ்சம் துழாவி, என் விரலைக் கண்டுபிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து மூடி அழுத்திவிட்டு, ஷட்டரை இறக்கிக்கொண்டார்.